வாய்பிளந்தான் பட்டி

“...அதைத்தான் ராபியா நானும் சொல்றேன். எதிர்வூட்டு அண்ணந்தம்பி ரெண்டு பேரும் நேத்து டேப்பப் புடிச்சுக்கிட்டு மனையச் சுத்திச் சுத்தி வந்தப்பவே எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. பெரியவன் நீளத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்றான், அகலத்த வாய்க்குள்ளயே முழுங்கிடறான். சின்னவன் பொண்டாட்டி அதுக்கும் தலைய ஆட்டறா. ‘ஏ புள்ள, உள்ளுக்க எத்தன கட்டில் போடலாம்னு கேளுடி’ன்னு இங்கேருந்தே கத்தலாமான்னு வந்துச்சு. நமக்கெதுக்கு ஊர்வம்புன்னு வாயப் பொத்திக்கிட்டேன்.”

ராபியா பக்கத்து வீட்டுக்காரி. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்கு வாழ வந்தவள். வீட்டுக்காரர் குவைத்தில் இருப்பதால் மத்தியானம் முழுக்க அவளுக்கும் எனக்கும் பேச்சுதான். “ஏன் பாட்டிம்மா, அளக்கறதுன்னாலே உங்களுக்கு இப்படிக் கோவம் வருது?” என்று கேட்டுவிட்டு மொச்சைக்கொட்டையை உரிக்க ஆரம்பித்தாள். கேட்டால் நான் சொல்லாமல் விடுவேனா? நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவள். என் வாய்தான் பேசும், எழுதுவதெல்லாம் பேத்தி. நான் ‘வூடு’ என்றால் அவள் ‘வீடு’ என்று எழுதிக்கொள்கிறாள். எழுதட்டும், எப்படி எழுதினாலும் கூரை ஒழுகத்தான் போகிறது.

முதல் மழை விழுந்த வயலில் ஆட்டுப் புழுக்கை ஊறி ஒரு வாசம் கிளம்பும். சிலருக்கு அது நாற்றம், எனக்கு அதுதான் தாய்ப்பால் வாசம். எங்கள் குடும்பம் செம்மறி ஆட்டுக் குடும்பம். ஊர் அரியலூருக்குப் பக்கம் என்றாலும், பருத்தி எடுத்து முடிந்ததும் பாடாலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டை அடைத்துப் போட்டால் நிலத்துக்கு உரம், எங்களுக்குக் கூலியாகத் தானியம். அதற்குப் பெயர் ‘கிடை’. மூங்கில் பிளாச்சில் முடைந்த ‘படல்’களைச் சுற்றி நிறுத்திப் பட்டி கட்டுவோம், மறுநாள் அந்தப் படல்களைப் பிடுங்கி வயலில் அடுத்த இடத்தில் நடுவோம், இப்படியே நகர்ந்து நகர்ந்து வயல் முழுக்க உரமானதும் அடுத்த வயல். எங்கள் ஆட்கள் எந்த இடத்தையும் படலை வைத்தே பேசுவார்கள். “அந்தக் காடு எத்தனை படல் சுத்து?” என்றுதான் கேட்பார்கள். எப்போதும் நாலு மூலையும் ஒன்றுபோலவே பட்டி கட்டிப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு பொய்த்ததே இல்லை.

பெரிய பட்டி பெரியவர்களுடைய வேலை. குட்டிகளை அடைக்கும் சின்னப் பட்டி பிள்ளைகளுடையது, அதை மூன்று மூலையாகத்தான் கட்டுவோம். நாலு மூலைப் பட்டி காற்றடித்தால் கோணிக்கொண்டு சாயும். மூன்று மூலைப் பட்டியை யானை முட்டினாலும் கோணாது, வேண்டுமானால் ஒடியும். ஒவ்வொரு நாளும் கிடைக்கிற மேடு பள்ளத்துக்கு ஏற்ப அதன் உருவம் மாறும், உருவத்துக்கு ஏற்ப நாங்கள் பெயர் வைத்திருந்தோம். மூன்று வரிசையிலும் ஒரே எண்ணிக்கையில் படல் இருந்தால் ‘மூணுஞ்சமம்’. இரண்டு வரிசை ஒன்றுபோல இருந்து மூன்றாவது மட்டும் கூடவோ குறையவோ போனால் ‘ரெட்டக்காரன்’. மூன்றும் மூன்று நீளம் என்றால் ‘தகராறு’. ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று ஓரகத்திகளை நினைத்துக்கொள்ளுங்கள், பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

மூலைக்கும் தனிப் பெயர் உண்டு. மூன்று மூலையும் ஒடுங்கி இருந்தால் ‘கூர்மூலை’. ஒரு மூலை வீட்டுச் சுவர் சேருகிற மாதிரி நிமிர்ந்து நின்றால் ‘செவுத்துமூலை’. அதையும் தாண்டி ஒரு மூலை அகன்றுவிட்டால் ‘வாய்பிளந்தான்’. ஒரு பட்டியில் ஒரு மூலைதான் வாய் பிளக்க முடியும். இரண்டைப் பிளந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் நானும் சித்தப்பா மகளும் பிடிவாதமாகப் படல் நட்டோம். இரண்டு வரிசையும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டே இருந்ததே தவிர, சேரவே இல்லை. அடைத்த குட்டிகள் எல்லாம் திறந்த பக்கமாக நடந்து பருத்தி மார்ச் செடிகளை மேயப் போய்விட்டன. அன்றைக்கு விழுந்த உதையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. போன வாரம் பேத்தி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம், குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்று ராகம் போட்டபோது எட்டிப் பார்த்தேன். அடிப்பாவி, நம்ம பட்டிதானே இது, இதற்கா பீஸ் கட்டுகிறார்கள் என்று வயிறு குலுங்கச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பா என்றால் அப்பாவுக்கு மூத்தவர். மந்தைக்குத் தலைவர் அவர்தான். சந்தைக்குப் போனால் எங்களுக்கு மறக்காமல் பொரி உருண்டை வாங்கி வருவார். முள் குத்தினால் மடியில் போட்டு எடுத்துவிடுவார். கெட்டவர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். ஒரு நாள் நான் ஓடைக்கரையை ஒட்டி, இடம் கிடைத்த மட்டுக்கும் நீளமாகப் படல் நட்டு ஒரு வாய்பிளந்தான் பட்டி கட்டிக் குட்டிகளை அடைத்துவிட்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். வந்தார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

“எவடி இவ, வாய்பிளந்தான்ல குட்டிய அடைச்சவ? அம்புட்டுப் படலையும் வெச்சு உள்ளுக்க எடமே இல்லியே! ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நெரிஞ்சு சாவறதுக்கா? பிடுங்கு, மூணுஞ்சமமா நடு.”

நட்டேன். அதே படல்கள்தான், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. குட்டிகள் உள்ளே துள்ளி விளையாட இடம் இருந்தது.

“பாத்தியா, சுத்து ஒண்ணுதான், வயிறு வேற” என்றார் பெரியப்பா. இந்த வார்த்தையை ராபியாவிடம் இரண்டு தரம் சொன்னேன். சுத்து ஒண்ணுதான், வயிறு வேற. அவர் வாயாலேயே சொன்னது.

அடுத்த வருஷம் அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்கு அதற்கு மேல் ஆட்டுக்குப் பின்னால் ஊர் ஊராக அலைய மனமில்லை. அம்மா அதிகம் பேசமாட்டாள், ஆனால் அந்த நாட்களில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இனிமே ஒரு எடத்துல கெடக்கணும். எம் புள்ள ஆட்டுவாலப் புடிச்சுக்கிட்டு அலைய வேணாம், பள்ளிக்கூடத்துல போயி ஒக்காரட்டும்.” ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பங்கைப் பிரித்து வாங்கி, அதில் வெள்ளாமை வைத்து, விளைந்ததும் என்னைச் சேர்ப்பது என்று ஏற்பாடு. அதை நம்பி, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலுக்கு எதிரே போய் நின்று, எந்த இடத்தில் உட்காருவது என்றுகூட நான் தீர்மானம் பண்ணி வைத்திருந்தேன்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு புஞ்சைக் கொல்லை, நாலு மூலையும் நாலு விதம். ஒரு பக்கம் வண்டிப்பாதை, ஒரு பக்கம் ஓடை, மற்ற இரண்டு பக்கமும் அடுத்தவர் வரப்பு. வருஷத்தில் பாதி நாள் நாங்கள் ஊரில் இல்லாததால் உள்ளே கால் வைக்க முடியாமல் கருவேல முள் அடைத்துக் கிடந்தது. எங்கள் ஆட்களிடம் பங்குக்கு ஒரு வழக்கம் உண்டு: ‘வெக்கிறது மூத்தது, எடுக்கிறது எளையது.’ மூத்தவர் பங்கு பிரித்து வைப்பார். எது வேண்டுமென்று இளையவர் முதலில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததற்கு அடையாளமாக அந்தப் பங்கிலிருந்து மண்ணை அள்ளி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது. கேட்கிறவர்களுக்கு எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது, பாருங்கள்! ஏமாற்றுகிறவன்கூடப் பயந்துகொண்டுதான் பிரிப்பான், நல்லது அடுத்தவன் கைக்குப் போய்விடுமே என்று.

பெரியப்பா கொல்லையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே, முள்ளுக்கு மேலாகவே, கயிறு கட்டினார். கொல்லை மும்மூன்று மூலையோடு இரண்டு பங்காக ஆயிற்று. குறுக்குக் கயிறு இரண்டு பங்குக்கும் பொது. படல் கணக்கில் முடிச்சுப் போட்ட இன்னொரு கயிற்றை ஊர்ப் பெரியவர்கள் நடந்து பார்க்க, இரண்டு பங்கின் வெளி ஓரத்திலும் பிடித்துக் காட்டினார். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. “இம்புட்டு நேர்மையா எவன் பங்கு வெப்பான்?” என்று ஒருவர் சொன்னார். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே முள் என்பதால் யாரும் ஓரத்தை விட்டு உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை.

பெரியப்பா அம்மாவைப் பார்க்காமல், பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார்: “வண்டிப்பாதைப் பக்கத்துப் பங்கு குட்டையா, ரெண்டு கையும் ஒரே நீளமா கெடக்கு. ஓடைப் பக்கத்துப் பங்கு அந்தக் கடைசி வரைக்கும் ஓடுது. தாயி எதை வேணும்னாலும் எடுக்கட்டும். எந் தம்பி பொண்டாட்டிக்கு நான் கொறை வெக்க மாட்டேன்.”

அம்மா ஓடைப் பக்கத்து முனையில் நின்று பார்த்தாள். முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டுகிற வரை ஓடைக்கரையோடு போகிற அந்த நீளத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்பா செத்த பிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். குனிந்து மண்ணை அள்ளினாள், மடியில் கட்டினாள்.

நான் அப்போது எதையும் யோசிக்கவில்லை. அம்மா சிரித்ததால் நானும் சிரித்தேன்.

மந்தையையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். படலும் ஆளுக்குப் பாதி. அம்மாவும் நானும் கை கிழியக் கிழிய முள்ளை வெட்டி எரித்தோம்; அவர்களும் அவர்கள் பங்கில் வெட்டினார்கள். பிறகு அவரவர் ஆட்டை அவரவர் பங்கில் கிடை போட்டு, படலை நகர்த்தி நகர்த்தி உரம் சேர்த்தோம். எங்கள் கிடை விறுவிறு என்று கடைசி மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியப்பாவின் கிடை பாதிக் கொல்லையைக்கூடத் தாண்டவில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், ஒருநாளும் அதிர்ந்து பேசாதவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ஒத்தப் பொம்பளையா என்னாத்தக் கிழிக்கப் போறான்னு பேசுனாங்களே, எங் கிடை முடிஞ்சிருச்சு! மூத்தாரு கிடை இன்னும் பாதியிலதான் நிக்குது.”

அங்கே குடத்தை விளக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, எங்களுக்குத் தூரத்து உறவு, நாக்கு அரிவாள் மாதிரி, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

“அடி பைத்தியக்காரி, சோறு சீக்கிரம் தீந்துபோச்சுன்னா குண்டான் பெருசுன்னா அர்த்தம்?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. குடத்தை நிரப்பாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். முள் இல்லாத கொல்லை இப்போது வெட்டவெளியாகக் கிடந்தது. அம்மா ஓடைக்கரையிலிருந்து, கயிறு கட்டிய இடத்தில் போட்டிருந்த குறுக்கு வரப்புக்கு நடந்தாள். நடக்க ஆரம்பித்ததும் வரப்பு வந்துவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பங்கு அகன்று, அகன்று போய்க்கொண்டிருந்தது. நான் எங்கள் பங்கின் மூலைகளைப் பார்த்தேன். குட்டையான ஓரமும் வரப்பும் சேருகிற இடத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பச்சைத் தகராறு, வாய்பிளந்தான். அந்தப் பக்கம் ரெட்டக்காரன், செவுத்துமூலை. சுத்து ஒண்ணுதான்.

கோயில் பொங்கலுக்கு ஊர் கூடியிருந்தபோது அம்மா, பெரியவர்களிடம் தள்ளி நின்று, தலையைக் குனிந்தபடி முறையிட்டாள். கயிறு சரியாக இருந்ததா, இல்லையா என்று கேட்டார்கள். இருந்தது என்றாள். யாராவது கையைப் பிடித்து இழுத்து மண்ணை அள்ளச் சொன்னார்களா? இல்லை என்றாள். “அப்புறம் என்னம்மா? மடியில வாங்குன மண்ணு மடியிலதான்” என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரையும் தள்ளிக்கொண்டு பெரியப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

“பெரியப்பா, எங்குளுக்கு வந்தது வாய்பிளந்தான்தான? அதுல குட்டியக்கூட அடைக்காதன்னு நீதான சொன்ன? சுத்து ஒண்ணு, வயிறு வேறன்னு நீதான சொன்ன?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கணம், ஒரே கணம், பயம் இருந்தது. அதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகு சிரித்துவிட்டார். “கழுத, பட்டி வேற, கொல்ல வேற. ஆட்டுக்குட்டி வெளையாடுற எடத்தையும் வெள்ளாம வெக்கிற எடத்தையும் ஒண்ணா போடுது பாரு!” ஊரே சிரித்தது. எனக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் யாரோ கேலி பேசினார்கள். அம்மா வந்து என் வாயைக் கையால் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை முழுக்க முள் கீறிய தழும்பு. என் உதட்டில் சுரசுர என்று உரசியது.

அவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று இன்றும் எங்கள் சொந்தத்தில் சொல்கிறவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும். நான் அந்தக் கண்ணைப் பார்த்தவள்.

அந்தப் பங்கில் விளைந்தது இரண்டு வாய்க்குப் போதவில்லை. ஆடு ஒவ்வொன்றாக விலை போனது. அம்மா சுண்ணாம்புக்கல் குழிக்குக் கல் உடைக்கப் போனாள், பின்னாலேயே நானும் கூடையோடு போனேன். பள்ளிக்கூடத்தில் நான் பார்த்து வைத்திருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். சரி, அந்த வயிற்றெரிச்சலை நான் எப்போதோ சிரித்துத் தீர்த்துவிட்டேன். தீராதது வேறொன்று. அம்மா அதற்குப் பிறகு எதையுமே எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால், தன் கையால் தேர்ந்து எடுக்கவில்லை. அரியலூர்க் கடையில் புடவையை விரித்துப் போட்டால், “நீயே ஒண்ணக் குடு” என்று கடைக்காரனிடமே சொல்லிவிடுவாள். அவன் விற்காத நிறமாகப் பார்த்துத் தலையில் கட்டுவான். சந்தையில் கத்திரிக்காயைக்கூடப் பொறுக்க மாட்டாள். எனக்கு மாப்பிள்ளை இரண்டு இடத்திலிருந்து வந்தபோது, “ஊர்ல நாலு பேரு சொல்றபடி செய்யுங்க” என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பெரியப்பா மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. “அந்தாளு வெச்சாரு. எடுத்தது ஆரு? நான்தான?” என்பாள். ஏமாற்றியவன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான். ஏமாந்தவள் தன் கையையே எதிரியாகப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினாள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தால்கூட ஊர் முன்னால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அவள் கையாலேயே எடுக்கவைத்ததால் அழுவதற்குக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது.

இப்போது அங்கே போனால் கொல்லையும் இல்லை, குறுக்கு வரப்பும் இல்லை. சுற்றுவட்டாரத்தோடு சேர்த்து அதையும் சுண்ணாம்புக்கல்லுக்குத் தோண்டிவிட்டார்கள். பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். எது வாய்பிளந்தான், எது செவுத்துமூலை என்று கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. கிடை போடுகிற ஒன்றிரண்டு பேரும் இப்போது நைலான் வலையைத்தான் சுற்றிக் கட்டுகிறார்கள். மூங்கில் படலையும் காணோம், நாங்கள் வைத்த பெயர்களையும் காணோம். பேத்தியிடம் இதைச் சொன்னதும் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, “அம்மாயி, அந்த ஆளுங்க ஏரியா எவ்ளோன்னு கேட்டிருக்கணும்” என்றாள். கேட்டிருக்க வேண்டும்தான் கண்ணே. அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கு என்னை அனுப்பத்தானே உன் கொள்ளுப்பாட்டி அந்த மண்ணையே அள்ளினாள்.

மொச்சை உரித்து முடித்திருந்த ராபியா, “கடைசி வரைக்குமா பாட்டிம்மா, ஒண்ணுகூட எடுக்கல?” என்று கேட்டாள். கடைசி வரைக்கும்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாவம், நல்ல நர்ஸ் பெண், “ஜன்னல் பக்கக் கட்டில் வேணுமா, செவுத்துப் பக்கமா? ரெண்டும் காலியாத்தான் இருக்கு, எது புடிச்சிருக்கோ எடுத்துக்கங்க” என்றாள். அம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்த இரண்டு கையையும் போர்வைக்குள்ளே இழுத்துக்கொண்டாள்.

“நீ எடு செல்லம்மா. எங் கை வேணாம்.”

நான் ஜன்னல் பக்கத்தை எடுத்தேன். எடுப்பதற்கு முன்னால் இரண்டு கட்டிலையும் பார்த்தேன் ராபியா. நீளத்தையும் பார்த்தேன், அகலத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். எதை எடுத்திருந்தாலும் ஒன்றுதான் என்று அவளுக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன், அதற்குள் அவள் கண்...

“அய்யய்யோ, கொழாயில தண்ணி வந்துருச்சுடி! எந்திரி, எந்திரி, மொச்சைய அப்படியே போடு. கொடத்த எடு, இல்லன்னா எதிர்வூட்டுக்காரி மொதல்ல போயி நின்னுருவா...”